ஈட்டிக்காரனின் புலம்பல்

பி.எஸ்ஸி. (கணிதம்), இரண்டாம் ஆண்டு

சதுரங்கம் அறியாதார் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருப்பர். அந்தப் பலகையில் ஒரு விந்தை உண்டு. பழகிப் போனதால் அதை நாம் விந்தையாகவே எண்ணுவதில்லை. அங்கே எந்தக் காயும் ஆணையை மீறுவதில்லை. போகச் சொன்னால் சிப்பாய் போகிறான். சாகச் சொன்னால் சாகிறான். குதிரை மிரள்வதில்லை, யானைக்கு மதம் பிடிப்பதில்லை. ஆனால் உண்மையான போர்க்களத்தில் ஆணை பிறப்பது ஒன்று, அது நடப்பது வேறொன்று அன்றோ? இந்த இடைவெளியையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு விளையாட்டின் விதிநூலை அண்மையில் படித்தேன், ஆடியும் பார்த்தேன். அதனால் எழுந்த முதல் எண்ணங்களை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நூலின் பெயர் 'தி பைக்மேன்ஸ் லமெண்ட்'. தமிழில் 'ஈட்டிக்காரனின் புலம்பல்' எனலாம். மைக்கேல் லெக், டேனியல் மெர்சி என்னும் இருவர் எழுதியது. இங்கிலாந்தின் ஆஸ்ப்ரே பதிப்பகம் 2017-இல் வெளியிட்டது. இடைக்காலப் போர்களுக்கென மெர்சி 2014-இல் எழுதிய 'லயன் ராம்பண்ட்' என்ற விதிநூலின் வழித்தோன்றல் இது. என் வகுப்புத் தோழனின் அண்ணன் வெளிநாட்டில் படிப்பவர். அவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த பிரதி, தோழன் கைக்கு வந்து, அங்கிருந்து என் கைக்கு வந்தது.

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு என்பது நம்மில் பலருக்குப் புதியதாக இருக்கலாம். இதில் கட்டங்கள் கிடையா. மேசையே நிலம். அதன்மேல் குன்று, வேலி, வீடு, வயல் ஆகியவற்றை மாதிரியாக அமைக்கிறார்கள். ஈயத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்து வண்ணம் தீட்டிய சிறு வீரர்களை நிறுத்துகிறார்கள். அளவுகோலை வைத்து அங்குலக் கணக்கில் நகர்த்துகிறார்கள். வெற்றி தோல்வியைத் திறமையும் பகடையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி 1824-இல் படைத்துறைப் பயிற்சிக்காக இத்தகைய ஓர் ஆட்டத்தை ஒழுங்குபடுத்தினார். அறிவியல் கதைகளால் நாம் அறிந்த எச்.ஜி.வெல்ஸ், பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளை 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக வெளியிட்டார். உண்மைப் போரைவிட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்று அந்நூலின் முடிவில் அவர் வாதிட்டார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது!

'ஈட்டிக்காரனின் புலம்பல்' எந்தக் காலத்தைச் சேர்ந்தது? ஐரோப்பாவில் நெடு ஈட்டியும் திரித் துப்பாக்கியும் தோளோடு தோள் நின்ற காலம் அது. பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகள். ஈட்டி என்றால் நாம் விளையாட்டு விழாவில் எறியும் ஈட்டியன்று. பதினாறடியும் அதற்கு மேலும் நீண்ட மரக்கழி; மூன்று ஆள் உயரம். அதன் முனையில் இரும்பு. நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நின்று அதை நீட்டினால் எந்தக் குதிரையும் எதிரே வராது. ஆனால் தொலைவில் நின்று சுடுபவனை ஈட்டிக்காரன் என்ன செய்ய முடியும்? துப்பாக்கிக்காரனுக்கோ வேறு தொல்லை. வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, கிண்ணியில் பொடி வைத்து, புகையும் திரியைப் பொருத்தி, அதன்பிறகே சுட வேண்டும். ஒருமுறை சுட்டவன் மறுமுறை சுட ஒரு நிமிட அளவு ஆகும். இச்செயல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படம் வரைந்து கற்பிக்க ஜாக்கப் டி கெய்ன் என்ற நெதர்லாந்து ஓவியர் 1607-இல் ஒரு நூலே வெளியிட்டார் என்றால், அது எவ்வளவு சிக்கலான வேலை என்பது விளங்கும். அந்த ஒரு நிமிடத்திற்குள் எதிரியின் குதிரைப்படை வந்துவிட்டால்? அருகில் ஈட்டிக்காரன் இருந்தால்தான் உயிர் தப்பும்.

ஆக, ஒருவனுக்கு எட்டும் கை இல்லை. மற்றவனுக்குக் காக்கும் கை இல்லை. இருவரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள். 1618 முதல் 1648 வரை ஜெர்மானிய நிலத்தைப் பாழாக்கிய முப்பதாண்டுப் போரும், 1642-இல் தொடங்கிய இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரும் இந்தக் கூட்டணியால் நடந்தவையே. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துப்பாக்கி முனையிலேயே கத்தியைப் பொருத்தும் முறை பரவியதும், நெடு ஈட்டிக்கு வேலை இல்லாமற் போயிற்று. நூலின் பெயரில் உள்ள புலம்பல் இதைத்தான் குறிக்கிறதோ என்று முதலில் எண்ணினேன்.

இனி ஆட்டத்திற்கு வருவோம். ஆளுக்கு 24 புள்ளிகள். அந்தப் புள்ளிகளைச் செலவழித்து ஈட்டிப்படை, துப்பாக்கிப்படை, குதிரைப்படை எனப் பிரிவுகளை வாங்க வேண்டும். ஒரு பிரிவுக்குச் சராசரி 4 புள்ளி என்று கொண்டால் ஆறு பிரிவுகள் கிடைக்கும். காலாட்பிரிவில் பெரும்பாலும் 12 பேர். குதிரைப்பிரிவில் 6 பேர். 'ஃபார்லார்ன் ஹோப்' என்றொரு பிரிவும் உண்டு. முதலில் பாய்ந்து சாவை எதிர்கொள்ளும் கூட்டம் இது. 'இழந்துவிட்ட கூட்டம்' என்று பொருள்படும் டச்சுத் தொடரே ஆங்கிலேயர் வாயில் இப்படித் திரிந்ததாம். பெயரிலேயே அவர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள், பாருங்கள்!

வார்ப்பு வீரர்களை வாங்க எங்களுக்கு வசதி இல்லை. அதனால் ஆட்டம் நின்றுவிடவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் புளியங்கொட்டை பன்னிரண்டை ஒட்டினோம், அது ஈட்டிப்படை. வேப்பங்கொட்டை துப்பாக்கிப்படை ஆயிற்று. சோழிகள் குதிரைப்படை. பகடைகளை ஒரு பரமபதப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டுத் திண்ணையே போர்க்களம்.

நம் தாயக்கட்டத்தில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் அல்லவா? இங்கே ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு தாயம் உண்டு. ஒரு பிரிவை நகர்த்தவோ, சுடச் செய்யவோ, பாயச் செய்யவோ வேண்டுமானால் இரு பகடைகளை உருட்ட வேண்டும். அப்பிரிவுக்குக் குறித்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் ஆணை நிறைவேறும். விழாவிட்டால் அப்பிரிவு அசையாது. அதுமட்டுமன்று, உங்கள் முறையும் அத்துடன் முடிந்தது! மற்ற ஐந்து பிரிவுகளும் ஆணைக்குக் காத்து நிற்க, ஆட்டம் எதிரி கைக்குப் போய்விடும். எங்கள் முதல் ஆட்டத்தில் என் முதல் உருட்டலே 4. என் படை முழுவதும் மரமாய் நிற்க, தோழன் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.

சிரிப்பு அடங்கியபின் கணக்குப் போட்டேன். இரு பகடைகளில் விழக்கூடிய வகைகள் 36. கூட்டுத்தொகை 5-ஓ அதற்கு மேலோ வருபவை 30. 6-ஓ அதற்கு மேலோ என்றால் 26. 7-ஓ அதற்கு மேலோ என்றால் 21. எல்லாப் பிரிவுகளுக்கும் 6 தேவை என்று கொண்டால், ஒரே முறையில் ஆறு பிரிவுகளும் பணியும் வாய்ப்பு நூற்றுக்கு 14 மட்டுமே. 'எல்லாரும் முன்னேறுங்கள்' என்று தளபதி முழங்குவது, ஏழு தடவை முழங்கினால் ஒரு தடவை பலிக்கும்!

இதைவிடச் சுவையான கணக்கு ஒன்று உண்டு. என் துப்பாக்கிப்படைக்கு 5 போதும். ஈட்டிப்படைக்கு 7 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு முதலில் ஆணையிடுவது? எளிதானதை முதலில் முடிப்போம் என்றுதான் மனம் சொல்லும். துப்பாக்கியை முதலில் அழைத்தால் அது பணியும் வாய்ப்பு நூற்றுக்கு 83. தொடர்ந்து ஈட்டியும் பணியும் வாய்ப்பு 49. ஈட்டியை முதலில் அழைத்தால் அது பணியும் வாய்ப்பு 58. தொடர்ந்து துப்பாக்கியும் பணிவது அதே 49. எந்த வரிசையில் அழைத்தாலும் இருவரும் பணியும் வாய்ப்பு மாறுவதே இல்லை! அப்படியானால் மாறுவது எது? ஒன்றுதான் கிட்டும் என்றால் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதே. வகுப்பில் நிகழ்தகவுப் பெருக்கல் விதியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது ஒரு தளபதியின் கவலையாக மாறும் என்பதைத் திண்ணையில்தான் கண்டேன்.

சுடும் விதியும் எளியது. பாதிக்கு மேல் ஆள் இருக்கும் பிரிவு 12 பகடைகளை உருட்டும். பாதியோ அதற்குக் குறைவோ ஆனால் 6 பகடைகள். அடிபட்ட பிரிவு உடனே மன உறுதிச் சோதனைக்கு நிற்க வேண்டும். இரு பகடைகளின் கூட்டுத்தொகையிலிருந்து இதுவரை இழந்த ஆட்களின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். மீதி அப்பிரிவின் துணிவு எண்ணை எட்டாவிட்டால் அது தடுமாறிப் பின்வாங்கும். மீதி பூச்சியமோ அதற்குக் கீழோ ஆனால் சிதறி ஓடிவிடும். துணிவு எண் 4 என்று கொள்வோம். ஒருவனை இழந்த பிரிவு நிலைத்து நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 83. மூவரை இழந்தால் 58. ஐவரை இழந்தால் 28. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் உயிரோடு இருக்கிறார்கள்; ஆனாலும் படை நிற்பதில்லை. போர்களில் பல படைகள் கடைசி ஆள் வரை மடிந்து தோற்கவில்லை, மனம் உடைந்தே தோற்றன என்பதை இக்கழித்தல் கணக்கு சொல்லிவிடுகிறது.

இவ்விதிகள் வெறும் கற்பனையா என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். 1632 நவம்பர் 16-ஆம் நாள் லுட்சன் போரில் மூடுபனியும் வெடிப்புகையும் களத்தை மறைத்தன. சுவீடன் மன்னர் கஸ்டாவஸ் அடால்பஸ் தம் ஆட்களைப் பிரிந்து எதிரிகளிடையே சிக்கி மாண்டார். மன்னரே தம் படையைக் காண முடியாத களத்தில் ஆணை எங்கே போய்ச் சேரும்? 1642 அக்டோபர் 23-ஆம் நாள் எட்ஜ்ஹில் போரில் இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப்படை எதிரிக் குதிரைகளை முறியடித்தது. வென்ற வேகத்தில் கைன்டன் ஊர் வரை துரத்திச் சென்று மூட்டை முடிச்சுகளின் மேல் விழுந்தது. அது திரும்பி வருவதற்குள் மன்னரின் காலாட்படை துணையின்றித் திண்டாடியது. விதிநூலிலும் பாய்ச்சல் குதிரைப்பிரிவு ஒன்று உண்டு. எதிரி எட்டும் தூரத்தில் வந்துவிட்டால் அது நம் விருப்பத்தைக் கேளாமலே பாய முனையும். வரலாற்று ஆசிரியர் ஒரு பக்கத்தில் எழுதும் காரணத்தை விதிநூல் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. இதுவே இந்நூலிடம் நான் மிகவும் மெச்சிய குணம்.

குறை இல்லாமல் இல்லை. ஈட்டியும் துப்பாக்கியும் ஒரே படையணியில் கலந்து நின்ற காலத்தை, தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்துக் காட்டுகிறது நூல். சிறு கைகலப்புகளுக்கான ஆட்டம் என்பதால் பெருங்களத்தின் தோற்றம் இதில் கிட்டாது. சில நாட்களில் பகடை ஒருவனையே வஞ்சித்து, ஆட்டம் தொடங்குமுன் முடிந்துவிடுவதும் உண்டு. ஆயினும் நான் சொல்ல வந்த குறை இவையல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது என் தந்தையார் வேலை முடிந்து வந்து திண்ணை ஓரம் அமர்ந்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் விரித்திருந்த பச்சைத் துணியைக் காட்டி, "இது என்னப்பா?" என்றார்.

"காடுப்பா. இதுக்குள்ள போனா படை பாதி தூரந்தான் போகும். ஆனா உள்ள நிக்கிறவன் மேல குண்டு சுலபமாப் படாது" என்றேன். எங்கள் பக்கத்தில் புன்செய் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்.

"வெள்ளாமை நிக்கிற காடா, அறுத்த காடா?"

நான் நூலைப் புரட்டினேன். அதற்கு அங்கே விடை இல்லை. "அது ஆட்டத்துல கிடையாதுப்பா" என்றேன்.

"காட்டுக்காரன் எங்க?"

"அவனும் கிடையாது."

"சரி" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். பள்ளிக்கூடத்து வாசலை அதிகம் மிதிக்காதவர் அவர். ஆனால் நானும் என் தோழனும் அந்நூலை மூன்று முறை படித்தும் எங்களுக்குத் தோன்றாத கேள்வி அது.

அந்தக் கேள்வியோடு மறுபடியும் வரலாற்றைப் புரட்டினேன். இம்முறை வேறு ஆட்கள் தென்பட்டார்கள். 1631 மே மாதம் மக்டபர்க் நகரம் சூறையாடப்பட்டபோது இறந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர்; அவர்களில் மிகப் பலர் போர்வீரர் அல்லர். 1633-இல் ஜாக் காலோ என்ற பிரெஞ்சு ஓவியர் போரின் கொடுமைகளைப் பதினெட்டுச் செதுக்கோவியங்களாக வெளியிட்டார். பண்ணை வீட்டைக் கொள்ளையிடும் வீரர்களும், பின்னர் அவர்களைப் பழிவாங்கும் குடியானவர்களும் அவற்றில் இருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் நகரை அடுத்த சிற்றூரில் வாழ்ந்த ஹான்ஸ் ஹெபர்லே என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, அப்போர்க் காலம் முழுவதும் நாட்குறிப்பு எழுதி வைத்தார். படைகள் வரும் செய்தி கேட்டு, குடும்பத்தோடு அவர் உல்ம் நகருக்கு ஓடியது ஏறத்தாழ 30 தடவை! எந்தப் படை வருகிறது, நம் படையா எதிரிப் படையா என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அக்காலப் படைகள் தாம் தங்கிய ஊரின் தானியத்தைத் தின்றே உயிர் வாழ்ந்தன. ஆகவே விளைந்த காடா, அறுத்த காடா என்பது தளபதிகளுக்கும் முதன்மையான கேள்விதான். என் தந்தையார் கேட்டது வேடிக்கைக் கேள்வி அன்று, போரியல் கேள்வி.

இதனால் நூலாசிரியர்களைப் பழிக்க நான் வரவில்லை. அறுபத்துச் சில பக்கங்களில் உலகம் முழுவதையும் அடைக்க ஒருவராலும் இயலாது. எதையாவது விட்டால்தான் ஆட்டம் என்று ஒன்று கிடைக்கும். நான் உணர்ந்தது இவ்வளவே: விதி எதைக் கணக்கில் எடுக்கிறதோ அதையே ஆடுபவன் பார்க்கிறான். மன உறுதிக்கு எண் கொடுத்தார்கள். நான் வீரர்களின் மனத்தைப் பார்த்தேன். வயலுக்கு 'பாதி வேகம்' என்று மட்டும் எழுதினார்கள். நான் அதைப் பச்சைத் துணியாகவே பார்த்தேன். கணிதம் படிக்கும் நமக்கு இது விளையாட்டோடு முடிகிற செய்தி அன்று. நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அமர்ந்து மனிதர்களுக்கு எண் கொடுக்கப் போகிறோம். அந்தப் பட்டியலில் எந்த வரியில் இடம் பெறாதவர் யார் என்று கேட்க, திண்ணை ஓரத்தில் எப்போதும் ஒருவர் இருக்க மாட்டார்.

நானும் தோழனும் சேர்ந்து ஒரு விதியைப் புதிதாக எழுதினோம். ஆட்டம் தொடங்குமுன் ஒரு பகடையை உருட்ட வேண்டும். 1, 2, 3 விழுந்தால் காட்டில் வெள்ளாமை நிற்கிறது. 4, 5, 6 என்றால் அறுத்தாயிற்று. வெள்ளாமை நின்றால் துணியின் மேல் மூன்று குன்றிமணிகளை வைப்போம். அது காட்டுக்காரன் குடும்பம். மூல நூலில் தளபதிக்கு மரியாதைப் புள்ளிகள் உண்டு. செயலை முடித்தால் அவை ஏறும். ஏறினால் பதவி உயர்வும் கிட்டும். எங்கள் விதிப்படி, நிற்கிற வெள்ளாமையை மிதித்துப் போகும் தளபதிக்கு ஒரு மரியாதைப் புள்ளி குறையும்.

முதல் ஆட்டத்தில் தோழன் காட்டைச் சுற்றிப் போனான். இரண்டு முறை வீணாயின, தோற்றான். "சுத்திப் போனதுலதான்டா தோத்தேன்" என்று அலுத்துக்கொண்டான். அடுத்த ஆட்டத்தில் குன்றிமணிகளை ஒருகணம் உற்றுப் பார்த்தான். பிறகு குறுக்கே போனான், வென்றான். புள்ளி ஒன்று போனதை அவனே தாளில் குறித்துக்கொண்டான். அன்று இருவருமே சிரிக்கவில்லை. நூலின் பெயரில் உள்ள புலம்பல் ஈட்டிக்காரனுடையது மட்டும் அன்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இவ்விதி சரியா, ஒரு புள்ளி போதுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. ஆர்வமுள்ள நண்பர்கள் ஞாயிறு மாலையில் வரலாம். பகடை எங்களிடம் உண்டு, புளியங்கொட்டைக்கும் பஞ்சமில்லை.